விஎஃப்ஆர்800: 6,800 ஆர்பிஎம்மில் வண்டி திடீரென்று பாய்கிறது, பழுதா?

தொலைதூரன்:
வணக்கம். 2003 மாடல் ஹோண்டா விஎஃப்ஆர்800 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். நெடுந்தூரம் ஓட்ட அருமையான வண்டி. ஆனால் எஞ்சின் வேகம் காட்டும் முள் 6,800 பக்கம் போனதும் சத்தம் சட்டென்று மாறி, ஒரு பாய்ச்சல் வருகிறது. நேர் சாலையில் பரவாயில்லை, வளைவின் நடுவில் வந்தால் பயமாக இருக்கிறது. வால்வு கிளியரன்ஸ் (வால்வை இயக்கும் பாகங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி) பார்க்க எஞ்சினைத் திறக்கலாம் என்கிறார் மெக்கானிக். திறக்கலாமா?

வி4 பிரியன்:
இப்போதைக்குத் திறக்காதீர்கள். நீங்கள் சொல்வது விடெக் மாறும் இடம், அதாவது எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப வேலை செய்யும் வால்வுகளின் எண்ணிக்கையை மாற்றும் ஹோண்டாவின் அமைப்பு. 1998-இல் வந்த 782 சிசி விஎஃப்ஆரில் பதினாறு வால்வும் எப்போதும் வேலை செய்யும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டைக் கியர்கள் சுழற்றும். 2002-இல் கியர் போய்ச் செயின் வந்தது, கூடவே விடெக்கும். எஞ்சின் குறைந்த வேகத்தில் சுழலும்போது சிலிண்டருக்கு இரண்டு வால்வுதான் திறக்கும். குறிப்பிட்ட வேகம் வந்ததும் எண்ணெய் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ள, மற்ற இரண்டும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பாய்ச்சல் அதுதான்.

இந்த எஞ்சினில் கிளியரன்ஸ் பார்ப்பதும் லேசான வேலை இல்லை. விடெக் வால்வுகளை அளக்க, வால்வைத் தள்ளும் லிஃப்டரைப் பூட்டும் தனிப் பின்கள் வேண்டும். அவை இல்லாமல் எடுக்கும் அளவை நம்ப முடியாது. மெக்கானிக்கிடம் அவை இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள்.

தொலைதூரன்:
நிம்மதி. அப்படியானால் எல்லா வருட மாடலிலும் இதே பாய்ச்சல்தானா?

வி4 பிரியன்:
இல்லை. 2006-இல் மாறும் இடத்தை ஏறத்தாழ 6,400-க்கு இறக்கினார்கள், திரும்பி வரும்போது 6,100 அளவில் விலகும். ஏறும் இடமும் இறங்கும் இடமும் ஒன்றாக இருந்தால், அந்த வேகத்திலேயே ஓட்டும்போது வால்வுகள் மாறி மாறிச் சேர்ந்து விலகும். அதற்காகத்தான் இந்த இடைவெளி. 2014 மாடலிலும் விடெக்கை விடவில்லை, மாற்றத்தை இன்னும் மென்மையாக்கினார்கள். என்னைக் கேட்டால் ஸ்போர்ட் டூரிங் வண்டிக்கு அந்த மென்மைதான் வேண்டும். பெட்டியும் பின்னால் ஆளுமாகச் சாயும்போது பாய்ச்சல் எதற்கு?

செயின் ஸ்லாக்:
சரிதான், ஆனால் எல்லாவற்றையும் விடெக் தலையில் கட்டிவிடக் கூடாது. டிரைவ் செயின் தளர்ந்திருந்தாலும், த்ராட்டில் கேபிளில் தளர்வு அதிகமாக இருந்தாலும் அதே மாற்றம் உதையாகத் தெரியும். இரண்டையும் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். அப்புறம் எண்ணெய் மட்டம் பாருங்கள், பின்னைத் தள்ளுவதே எண்ணெய்தானே. மாற்றம் ஒவ்வொரு முறை ஒவ்வொரு வேகத்தில் வந்தாலோ, வராமலே போனாலோ, அப்போதுதான் விடெக் பக்கம் தேட வேண்டும்.

தொலைதூரன்:
செயின் நன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்து வைத்து ஓட்டினேன், உதை போய்விட்டது. சத்தம் மாறுவது மட்டும் அதே 6,800-இல் கேட்கிறது. வளைவுக்கு என்ன செய்வது?

செயின் ஸ்லாக்:
வளைவுக்குள் நுழையும் முன்பே கியரை முடிவு செய்துவிடுங்கள். ஒரு கியர் மேலே போட்டு 5,000 பக்கம் வைத்தால், வளைவு முடியும்வரை அந்த எல்லையைத் தொடவே மாட்டீர்கள். அந்த இடத்தில் இந்த எஞ்சினுக்கு இழுவை போதுமான அளவு உண்டு.