நைரோபியும் சுற்றியுள்ள சரணாலயங்களும்: ஆறு நாள் போதுமா?

மன்னார்குடி வாசி:
சம்பா அறுப்பு முடிந்த கையோடு பிப்ரவரி கடைசியில் அப்பா, அம்மாவை (66, 61) கென்யாவின் நைரோபிக்கு அழைத்துப் போகலாமென்று இருக்கிறேன். கையில் ஆறு நாள். மசாய் மாரா, அம்போசெலி, நகுரு மூன்று சரணாலயங்களையும் பார்த்துவிடலாமா? ஊசி ஏதோ போட வேண்டுமாமே? மூவரும் சைவம்.

குடந்தைப் பயணி:
டிக்கெட்டுக்கு முன்னால் ஊசியைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால், நம்மூர் விமான நிலையத்திலேயே நிறுத்தி ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். அரசு அனுமதித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் உண்டு. நாள் கேட்டு, பாஸ்போர்ட்டோடு போங்கள். 60 தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால் இருவரையும் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேளுங்கள்.

2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசா இல்லை, ஆன்லைன் பயண அனுமதிதான். அரசுத் தளம் போலவே தோன்றும் தரகர் தளங்கள் இருக்கின்றன, கூடுதலாகப் பிடுங்குவார்கள்.

வலங்கைமான் அண்ணாச்சி:
மூன்றும் மூன்று திசை தம்பி. பெரியவர்களை வைத்துக்கொண்டு வேண்டாம். அம்போசெலிக்கு நாலைந்து மணி நேரம், மாராவுக்கு ஐந்தாறு. பாதி விடுமுறை வேனிலேயே கழியும்.

நைரோபி தேசியப் பூங்காவைக் குறைத்து எடைபோடாதீர்கள். 1946இல் தொடங்கியது, 117 சதுர கி.மீ., நகரை ஒட்டியே இருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் சிங்கம் புதருக்குள் படுத்துவிடும். காண்டாமிருகம் பார்க்க நல்ல இடம். யானை மட்டும் கிடையாது. அதற்கு ஷெல்ட்ரிக் யானைக்குட்டிக் காப்பகம், காலை 11 முதல் 12 வரை, முன்பதிவு கட்டாயம். அடுத்து அம்போசெலியில் இரண்டு இரவு. கிளிமஞ்சாரோ மலை தெரிவது பெரும்பாலும் விடியற்காலையில்தான், பிறகு மேகம் மூடிவிடும். மிச்ச நாளில் நகுரு.

திருவாரூர் ரயிலடி:
மாராவை விட்டுவிட்டு கென்யா போவதா? நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோ, அதுவும் மெத்தென்ற துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரப் பெட்டி சாமான் அறைக்குள் நுழையாது.

வலங்கைமான் அண்ணாச்சி:
பணம் இருந்தால் சரி, ஆனால் அம்போசெலியை வெட்ட வேண்டும். பிப்ரவரியில், இடம்பெயரும் காட்டுமாட்டு (வைல்டபீஸ்ட்) மந்தை தான்சானியாவின் தென் செரெங்கெட்டியில் நிற்கும். ஆறு கடக்கும் காட்சி ஜூலை முதல் அக்டோபர் வரை. சிங்கம், சிறுத்தை எப்போதும் உண்டு. பயணத்தை மார்ச் பாதிக்கு மேல் தள்ளாதீர்கள். மழை பிடித்தால் அங்குள்ள கரிசல், நம்ம நாற்றங்கால் சேறு மாதிரி டயரைக் கவ்விக்கொள்ளும்.

நன்னிலம் சமையல்கட்டு:
இட்லிப் பொடியை பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள். 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2020 முதல் தேசியப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலும் கூடாது. எவர்சில்வர் சம்படம், மஞ்சப்பை, நிரப்பிக்கொள்ளும் தண்ணீர் பாட்டில் போதும். நைரோபியில் குஜராத்திச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. விடுதிகளில் கீரைப் பொரியலான சுகுமா விகி, மக்காச்சோள மாவுக் களியான உகாலி, பீன்ஸ் கிடைக்கும். முட்டையும் கூடாதென்றால் முன்பதிவின்போதே எழுதுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜன்னலோரம் வைத்தால் குரங்கு பறித்துவிடும்.

நைரோபி சுமார் 1,700 மீட்டர் உயரம், காலையில் குளிரும், சுவெட்டர் வேண்டும். நம் உருண்டை முள் பிளக் பொருந்தாது. மூன்று சதுர முள் அடாப்டர் வாங்குங்கள்.

மன்னார்குடி வாசி:
நன்றி. வண்டியை விட்டு இறங்கி நடக்கவே முடியாதா?

வலங்கைமான் அண்ணாச்சி:
நைவாஷா ஏரிப் பக்கம் ஹெல்ஸ் கேட் பூங்காவில் நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி பக்கத்திலேயே மேயும். நகுரு போகும் வழிதான்.