வராத நன்கொடையை என்னவென்று எழுதி வைக்கிறீர்கள்?

ஹட்டன்வாசி:

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக் கட்டணமும் பஸ் காசும் கொடுக்கும் சிறிய அமைப்பு ஒன்றுக்கு நான் பொருளாளர். மாதம் 1,000 ரூபா வீதம் தருபவர்கள் நாற்பது பேர் வரை இருக்கிறார்கள். பெரும்பாலானோர் வங்கியில் நிலையியற் கட்டளை எழுதிக் கொடுத்தவர்கள்; 5ஆம் திகதி அவர்களுடைய கணக்கிலிருந்து பணம் தானாக எங்கள் கணக்கில் வந்து விழும். வராவிட்டால் எக்செல் தாளில் அந்தக் கட்டத்துக்குச் சிவப்பு அடித்து, 'தோல்வி' என்று எழுதுவோம். எட்டு வருடமாக இதுதான் வழக்கம். அதில் என்ன கோளாறு என்பதை 2024இல் ஒரு டீச்சர் வந்துதான் காட்டினார்.

தலவாக்கலைப் பக்கத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு. கணக்குப் பார்க்கும் தம்பி, எல்லோருக்கும் போகும் அதே குறுஞ்செய்தியை அவருக்கும் அனுப்பிவிட்டான்: 'உங்கள் கொடுப்பனவு தோல்வியடைந்துள்ளது. உடனடியாகச் செலுத்தவும்.' தண்ணீர்க் கட்டணம் கட்டாத வீட்டுக்கு வரும் கடிதம்கூட இதைவிட மரியாதையாக இருக்கும். மறுநாள் காலையில் டீச்சர் பஸ் ஏறி எங்கள் அறைக்கே வந்துவிட்டார். பழைய கல்யாணப் பத்திரிகை உறையொன்றில் மூன்று ஆயிரம் ரூபாத் தாள்கள். கூடவே வங்கிப் புத்தகம். கதிரையை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. "நான் யாருக்கும் கடன் வைத்தது கிடையாது தம்பி" என்றார்.

புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அவருக்கு ஓய்வூதியம் 10ஆம் திகதிதான் கணக்கில் விழுகிறது. முன்பெல்லாம் போன மாதத்து மிச்சம் 5ஆம் திகதி வரை கிடக்கும். மருந்து விலை ஏறிய பிறகு மிச்சம் என்று ஒன்று இல்லை. அதோடு விட்டதா? கட்டளை நிறைவேறாத ஒவ்வொரு மாதத்துக்கும் வங்கி ஒரு கட்டணத்தை வெட்டியிருந்தது. எங்களுக்கு வந்து சேராத பணத்துக்கு அவர் தெண்டம் கட்டியிருக்கிறார். எங்கள் தாளில் அதற்கு ஒரே சொல், 'தோல்வி'.

அன்று பின்னேரம் எல்லாச் சிவப்புக் கட்டங்களையும் ஒவ்வொன்றாக விசாரித்தேன். பணம் இல்லாதவர், கட்டளையின் கெடு முடிந்ததை அறியாதவர், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்விட்டவர், மனம் மாறி நிறுத்தியவர் எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருந்தோம். உங்கள் இடங்களில் எப்படிச் செய்கிறீர்கள்?

பண்டாரவளையிலிருந்து:

எங்களுக்கு வருவதில் பாதிக்கு மேல் கனடா, இங்கிலாந்துப் பக்கத்து வங்கி அட்டைகளிலிருந்து வருகிறது. அட்டை மறுக்கப்படும்போது கூடவே ஓர் எண்ணும் வரும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 51 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. 54 என்றால் அட்டையின் காலம் முடிந்துவிட்டது. 41 தொலைந்த அட்டை, 43 திருட்டுப் போன அட்டை. 91 வந்தால் அட்டை கொடுத்த வங்கியையே எட்ட முடியவில்லை என்று பொருள். கொடுத்தவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. 51ஐச் சில நாள் விட்டு மறுபடியும் முயன்று பார்க்கலாம். 54ஐ நூறு தடவை முயன்றாலும் ஆகாது, ஆளிடம் புது அட்டையைக் கேட்கத்தான் வேண்டும். 05 இருக்கிறதே, அது கல்லுளிமங்கன். 'ஏற்க வேண்டாம்' என்பதற்கு மேல் ஒரு காரணமும் சொல்லாது.

நான் சூடு கண்டது வேறொரு சொல்லில். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களில் டொரன்டோவிலிருந்து ஒருவர் 50 டொலர் போட்டார். எங்கள் திரையில் 'நிலுவை' என்று நின்றது; சேர்ந்ததா தவறியதா என்று இன்னும் முடிவாகவில்லை என்பதுதான் அதன் பொருள். மின்சாரம் போய்விட்டது, தொலைபேசிக் கோபுரமும் படுத்துவிட்டது. வேலை செய்த பிள்ளை, பணம் தவறிவிட்டது என்று முடிவுகட்டி, மறுபடியும் போடச் சொல்லி எழுதிவிட்டாள். அவரும் போட்டார். விடிந்து பார்த்தால் இரண்டும் வந்திருக்கின்றன. "இருக்கட்டும் அக்கா, பிள்ளைகளுக்குத்தானே" என்று அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். கணக்காய்வாளர் விடவில்லை. ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு வரவு, நடுவில் ஒரு 'தோல்வி': இதை விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அன்று முதல் எங்களுக்கு நிலுவை வேறு, தோல்வி வேறு. நிலுவையில் நிற்பவரிடம் மூன்று நாள் வாயே திறப்பதில்லை.

இப்போது சிவிசிஆர்எம் என்ற இலவச மென்பொருளில் பதிகிறோம். மாதாந்த நன்கொடைக்கு ஒரு தாய்ப் பதிவு, அதன் கீழ் ஒவ்வொரு மாதத்துக்கும் தனிப் பதிவு. எத்தனை தடவை தவறியது, அடுத்து எப்போது முயல்வது என்பவற்றுக்குத் தாய்ப் பதிவிலேயே இடம் இருக்கிறது. ஆனால் தவறிய பதிவுகளை நாமே அழித்துவிட்டால் மென்பொருள் என்ன செய்யும்? பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இரண்டு வருடம் அழித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

மஸ்கெலியாக் கணக்கப்பிள்ளை:

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தோட்டத்துக் கோயில் கணக்கை முப்பது வருடம் எழுதியவன். அந்தக் காலத்தில் கோயில் வரியைச் செக்ரோலிலேயே, அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவிலேயே, பிடித்துத் தருவார்கள், தவறுவதற்கு வழியில்லை. நகரத்து முதலாளிமாரிடம் கை நீட்டப் போனபோதுதான் காசோலை என்ற பூதம் வந்தது.

ஒரு திருவிழாவில் கடை முதலாளி ஒருவர் 25,000 ரூபாவுக்குக் காசோலை தந்தார். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி, மாலை போட்டு, பற்றுச்சீட்டும் கிழித்துக் கொடுத்தாகிவிட்டது. நாலாம் நாள் காசோலை திரும்பிவிட்டது. கூட வந்த துண்டில் இருந்த காரணம், 'எழுதியவரிடம் கேட்கவும்'. தலைவரும் நானும் தேநீர் குடிக்கிற சாட்டில் கடைக்குப் போனோம். சீனி விலை, மழை, அவருடைய மகனின் பரீட்சை என்று ஒரு மணி நேரம் பேசினோம். காசோலையைப் பற்றி மூன்று பேரும் மூச்சு விடவில்லை. எழும்பும்போது தலைவர், "நல்ல நாள் பார்த்து வங்கியில் இன்னொரு தரம் போடலாமா முதலாளி?" என்றார். "வெள்ளிக்கிழமை போடுங்கள்" என்று பதில் வந்தது. வெள்ளிக்கிழமை போட்டோம், பணமானது.

பற்றுச்சீட்டுத்தான் வம்பு. அடிக்கட்டையைக் கிழித்து எறிந்துவிடு என்று ஒருவர் புத்தி சொன்னார். இலக்கம் ஒன்று குறைந்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் என் வேட்டியை உருவிவிடுவார்கள். அடிக்கட்டையிலேயே சிவப்பு மையில் 'காசோலை திரும்பியது' என்று திகதியோடு எழுதினேன், அதன் கீழே 'மறுபடி போட்டது, சேர்ந்தது' என்று நீல மையில். அதன் பிறகு 'காசோலை பணமான பின்பே செல்லும்' என்று ஒரு றப்பர் முத்திரை வெட்டுவித்தேன். அதை முதலாளிமாருக்கு முன்னால் குத்தக் கை கூசும். திரும்பி நின்று குத்துவேன்.

லிந்துலைப் பையன்:

கொடுக்கிற பக்கத்திலிருந்தும் கேளுங்கள். கொழும்பில் கடையில் வேலை செய்கிறேன். ஓர் அமைப்புக்கு மாதம் 500 ரூபா போய்க்கொண்டிருந்தது. வங்கி புது அட்டை தந்தது, அவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரே நாளில் ஐந்து குறுஞ்செய்தி வந்தது. பணம் இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை.

ஹட்டன்வாசி:

தம்பிக்கு வந்த மாதிரிக் குறுஞ்செய்திகளை நாங்களும் அனுப்பியவர்கள்தான், மன்னிக்க வேண்டும்.

எங்கள் தாளில் 'தோல்வி' இப்போது இல்லை. அதற்குப் பதிலாகக் காரணம் எழுத ஒரு நிரல், யார் பேசினார், எப்போது பேசினார் என்பதற்கு இன்னொன்று. 'ஓய்வூதியம் 10இல்', 'கட்டளைக் கெடு முடிந்தது', 'நிறுத்தச் சொன்னார், மறுபடி கேட்கக் கூடாது' என்று வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறோம். முதல் தடவைக்குச் செய்தி அனுப்புவதில்லை, தொலைபேசியில் நான் பேசுகிறேன். தோட்டத்தில் வேலை செய்யும் ஏழு பேரும் எங்களுக்குத் தருகிறார்கள். அவர்களுக்கும் சம்பளம் 10ஆம் திகதிதான். அப்படியிருக்க 5ஆம் திகதியை வைத்த புத்திசாலி யார் என்று பழைய கூட்டக் குறிப்பைப் புரட்டினேன். என் கையெழுத்து. 2025 தொடக்கத்தில் 12ஆம் திகதிக்கு மாற்றினோம்.

டீச்சரின் மூவாயிரத்தை வாங்காமல் விடத்தான் முதலில் நினைத்தேன். வாங்காவிட்டால் இன்னும் நோகும் என்று பட்டது. வாங்கி, மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பற்றுச்சீட்டு எழுதினேன். வங்கி வெட்டிய கட்டணத்தை நாங்கள் தருகிறோம் என்று தொடங்கியபோது ஒரு பார்வை பார்த்தார். பேச்சை மாற்றிவிட்டேன்.

திகதியை மாற்றியும் கணக்குத் தம்பி விட்டானா? அந்த வருடம் மே 12 வெசாக் போயா, 13உம் விடுமுறை. 13ஆம் திகதி இரவு தாளைத் திறந்தவன், டீச்சரின் கட்டத்தில் சிவப்பு அடித்துவிட்டு என்னை அழைக்கிறான். வெளியே கடைத்தெரு முழுக்க வெசாக் கூடுகள் ஒளிர்கின்றன. இவன் பணம் ஏன் வரவில்லை என்று கேட்கிறான். "ஜன்னலைத் திறந்து பாரடா" என்றேன். 14ஆம் திகதி பணம் வந்தது. தாளில் போயா நாட்களுக்கெல்லாம் இப்போது மஞ்சள் அடித்து வைத்திருக்கிறான்.