பொருள்: சூத்திரக் காட்சியில் 'பேஸ்லைன்': 'அடிக்கோடு' வேண்டாம்

வணக்கம்.

விக்கியின் சூத்திர உதவிப் பக்கத்தில் 'பேஸ்லைன்' (ஒரு வரியின் எழுத்துகள் அமரும் கற்பனைக் கோடு) என்பதற்கு 'அடிக்கோடு' என்று போட்டிருக்கிறோம். அதே பக்கத்தில் சற்றுத் தள்ளி, எழுத்துக்கு அடிக்கோடு இடும் கட்டளையும் விளக்கப்படுகிறது. படிப்பவர் இரண்டையும் ஒன்றென்றே கொள்வார். மாற்றியாக வேண்டும்.

வரிக்குள் வரும் சூத்திரம் கோணலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்தக் கோடுதான் காரணம். விக்கிப்பீடியாவில் 2003 முதல் சூத்திரங்கள் பிஎன்ஜி படங்களாக வந்தன. படத்தின் மொத்த உயரம் உலாவிக்குத் தெரியும். அதில் எவ்வளவு கோட்டுக்குக் கீழே போக வேண்டும் என்பது தெரியாது. ஆகவே கீழ் விளிம்பைக் கோட்டில் வைத்துவிடும், கீழ்க்குறி உள்ள சூத்திரம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இப்போதைய எஸ்விஜி (கோட்டுரு வடிவப்) படங்களில் இறக்க அளவும் சேர்ந்தே வருகிறது: −0.838 எக்ஸ் (எழுத்துருவைப் பொறுத்த அலகு) என்பதுபோல் ஒரு குறை எண்.

என் முன்மொழிவு 'அமர்கோடு'. க, ப, ம ஆகியவை அதன்மேல் அமரும். சு, பு, ழ ஆகியவற்றின் வால் அதற்குக் கீழே இறங்கும்.

———

> என் முன்மொழிவு 'அமர்கோடு'

'எழுத்தடி' இன்னும் சுருக்கம் என்று தோன்றுகிறது. 'அடிப்படைக் கோடு' என்றும் சிலர் எழுதுகிறார்கள்.

எதைத் தேர்ந்தாலும் இன்னொரு கோட்டுக்கும் பெயர் வேண்டும். பின்னக்கோடும் சமக்குறியின் நடுவும் பேஸ்லைனுக்குச் சற்று மேலே ஓர் அச்சில் அமைகின்றன. அணிக்கோவையும் அந்த அச்சை நடுவாகக் கொண்டே வைக்கப்படுகிறது. படத்தை 'நடுவில் வை' என்று சிஎஸ்எஸ்ஸில் (பக்கத் தோற்றத்துக்கான மொழி) எழுதுவோர் தவறுவது இங்கேதான். தொகுதியில் ஒரு வரி, பகுதியில் அடுக்குப் பின்னம் என்றால் படத்தின் நடு வேறு, அச்சு வேறு. இதற்குச் 'சூத்திர அச்சு' போதும்.

———

ஐயா, 'சூத்திர அச்சு' நன்று, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 'எழுத்தடி' பற்றி மட்டும் தயக்கம். 'அடி' அளவுக்கும் வரும், செய்யுளுக்கும் வரும். 'எழுத்தடிக்கு அடியில்' என்று எழுத நேரும். 'அடிப்படைக் கோடு' தவறில்லை, ஆனால் கூட்டுச்சொல்லில் நீள்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்:

'சூத்திரத்தின் ஆழம் என்பது அமர்கோட்டுக்குக் கீழே உள்ள பகுதியின் அளவு. அந்த அளவுக்குப் படத்தைக் கீழிறக்கினால் சூத்திரத்தின் அமர்கோடும் வரியின் அமர்கோடும் ஒன்றாகும்.'

தடையில்லாமல் ஓடுகிறது. என் ஒப்புதல் 'அமர்கோட்டுக்கே'.

உதவிப் பக்கத்தில் தமிழுக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் சேர்க்க வேண்டும். எஸ்விஜியின் அகல உயரங்கள் 'எக்ஸ்' அலகில் உள்ளன. அது சுற்றியுள்ள எழுத்துருவின் சிறிய எக்ஸ் உயரம். தமிழ் எழுத்துருவிலிருந்து அதை அறிய முடியாதபோது உலாவி 0.5 எம் (ஒரு எம் என்பது எழுத்துருவின் அளவு) என்று கொள்ளும். சூத்திரம் பக்கத்து எழுத்தைவிடச் சிறுத்தோ பெருத்தோ தெரியும். இதை அமர்கோட்டுப் பிழை என்று எண்ணி இறக்க அளவைத் திருத்தக் கூடாது. எழுத்துரு வரிசையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

மற்றொன்று, சூத்திரத்துக்குள் உரைக் கட்டளையில் (\text) தமிழ் எழுதுவது. வழங்கியில் ஓடும் மேத்ஜாக்ஸ் 3 (சூத்திரத்தை வரைந்து தரும் நிரல்) தமிழ் எழுத்தின் அகலத்தை அளக்க முடியாமல், ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 0.6 எம் என்று இயல்பாக வைத்துக்கொள்ளும். ண, ணை போன்ற அகலமான எழுத்துகள் அடுத்த குறியோடு மோதும். அதனால் நீண்ட தமிழ்ச் சொற்களைச் சூத்திரத்துக்கு வெளியே, 'இங்கு' என்று தொடங்கும் வரியில் விளக்குவதே பாதுகாப்பு. மேத்எம்எல் (சூத்திரங்களுக்கான குறிமொழி) ஆக நேரடியாகக் காட்டினால் இந்த மோதல் வராது, உலாவியே அளந்துவிடும். குரோமும் 109ஆம் பதிப்பிலிருந்து (2023) அதை ஆதரிக்கிறது.

'இன்லைன்' (உரை வரிக்குள் வருவது), 'டிஸ்பிளே' (தனியே ஒரு வரியில் வருவது) இரண்டுக்கும் 'வரியுள்', 'தனிவரி' என்று வைத்திருக்கிறேன். வரியுள் சூத்திரத்தில் கூட்டற்குறியின் (Σ) எல்லைகள் பக்கவாட்டிலும், தனிவரியில் மேலும் கீழும் வரும் என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.