மணலில் மட்டுமே ஓடியவன் மலைக்காட்டுப் பாதைக்கு எப்படிப் பழகுவது?

உச்சிப்புளிக்காரன்:
மண்டபத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வேலைக்கு முன் அரியமான் கடற்கரையில் ஓடுவது வழக்கம். ஐப்பசியில் தம்பியைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறேன். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப் பாதையில் அவன் ஞாயிறுதோறும் ஓடுகிறான். ஒரு சுற்று சுமார் 11 கிலோமீட்டர். முழுக்க ஏற்ற இறக்கம், வேர், கல். என்னையும் வரச் சொல்கிறான். தூரம் எனக்குப் பொருட்டில்லை. ஆனால் நம் ஊரில் மேடு என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? எங்கே போய்ப் பழகுவது?

சாயல்குடி வாத்தியார்:
தம்பி, நீங்கள் ஏற்றத்தை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். உங்களைப் படுக்கவைக்கப் போவது இறக்கம். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நடந்துவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. நுண்ணிய சேதம் அதில்தான் அதிகம். அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளும் அதற்கு மறுநாளும் படியிறங்கக் கைப்பிடி தேடுவீர்கள். மணல் ஓட்டம் கெண்டைக்காலுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் மணல் அடியை வாங்கிக்கொள்ளும், பாறை வாங்காது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இப்படி வலித்து ஆறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை எளிதாகத் தாங்கும். ஆகவே கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு அழகர்கோயில் போங்கள். அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கைக்கு ஏறும் சாலையில் நடந்து ஏறி, ஓடி இறங்குங்கள். காலை நீட்டிப் போடாமல், முழங்கால் சற்று மடங்க, குட்டிக் குட்டி அடியாக வையுங்கள். அதுவரை வீட்டுப் படியே போதும்: ஒரு காலில் நின்று, நான்கு எண்ணும்வரை மெதுவாக மற்றக் காலைக் கீழே இறக்குங்கள். பக்கத்து வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

பாம்பன் பாலத்தில் ஓடச் சொல்லி யாராவது வருவார்கள். சாலைப் பாலம் நடுவில் உயர்ந்துதான் இருக்கிறது. ஆனால் ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்க வண்டிகளை நிறுத்துகிறவர்களுக்கு நடுவே ஓட்டம் எங்கே? விடியுமுன் போனால் சரி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதுவும் வேண்டாம்.

பரமக்குடி பைக்:
அழகர்கோயில் எதற்கு? நேராக முதுமலை போய்விடலாமே. தேசியப் பூங்காவிலேயே ஓடிய மாதிரி இருக்கும்.

சாயல்குடி வாத்தியார்:
யானையும் புலியும் நடமாடும் காடு அது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே நுழைவதே குற்றம். வனத்துறை வண்டியில் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், ஓட்டம் வேண்டாம். நம் மன்னார் வளைகுடாவும் தேசியப் பூங்காதான். அதற்காகத் தீவில் இறங்கி ஓடவா முடியும்?

கீழக்கரை ஆயிஷா:
சிங்கப்பூரில் பல வருடம் இருந்தேன். தம்பி, அங்கே புழுக்கம் உங்களுக்குப் புதிதாக இருக்காது, நம் கடற்கரை ஆட்கள் அதில் தேறிவிடுவோம். கவனம் வேண்டியது மழை நனைத்த வேரில். மரத்தாலான நடைபாதைப் பலகையும் அப்படித்தான், பாசி பிடித்தால் வழுக்கிவிடும். இடி இடித்தால் ஓட்டத்தை விட்டுவிட்டுக் கட்டடம் தேடுங்கள்.

மர உச்சிகளுக்கு மேலே போகும் 250 மீட்டர் தொங்குபாலம் வழியாகச் சுற்றுவதானால், அது ஒருவழிப் பாதை, திங்கட்கிழமை மூடியிருக்கும். பாலத்தில் நடந்துதான் போக வேண்டும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். அதில் தீனி இருக்கிறது என்று குரங்குகளுக்குத் தெரியும்.

இன்னும் தெம்பு மிச்சமிருந்தால் வேறொரு நாள் புக்கிட் தீமா ஏறுங்கள். அந்நாட்டின் மிக உயரமான குன்று, 163 மீட்டர்தான். ஆனால் உச்சிக்குப் போகும் தார்ச்சாலை செங்குத்து.

உச்சிப்புளிக்காரன்:
நன்றி ஐயா, நன்றி அக்கா. பழைய ஷூ போதுமா? அடியில் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது.

சாயல்குடி வாத்தியார்:
போதாது. அடிப்பாகம் பல் பல்லாக இருக்கும் காட்டு ஷூ வாங்குங்கள். இறக்கத்தில் விரல் முன்னே போய் இடிக்கும், அரை சைஸ் கூடுதலாகப் பாருங்கள். அதை அழகர்கோயிலுக்கே போட்டுக்கொண்டு போங்கள்.