‘கட்டாயமில்லை’ என்று போட்டிருக்கிறார்கள்: ஜி.ஆர்.இ. பாடத்தேர்வை எழுதுவதா, விடுவதா?

வெள்ளிமீன்:
வணக்கம். அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்க விண்ணப்பிக்கிறேன். ஜி.ஆர்.இ. பாடத்தேர்வு (அங்கே மேற்படிப்புச் சேர்க்கைக்காக ஒரே பாடத்தில் நடத்தும் தேர்வு) கட்டாயமில்லை, விரும்பினால் மதிப்பெண் அனுப்பலாம் என்று துறைகளின் பக்கங்களில் போட்டிருக்கிறார்கள். அக்டோபர் தேர்வுக்குப் பதிவு செய்ய இன்னும் நான்கு நாள்களே இருக்கின்றன. 150 டாலரை வீட்டில் கேட்பதற்கும் தயக்கமாக இருக்கிறது. எழுதலாமா, விட்டுவிடலாமா? தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

மேலவீதி:
எந்தப் பாடம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே? கணினி அறிவியல் தேர்வு 2013இலும், உயிர்வேதியியல் தேர்வு 2016இலும், உயிரியலும் ஆங்கில இலக்கியமும் 2021இலும், வேதியியல் 2023இலும் நின்றுவிட்டன. கணிதம், இயற்பியல், உளவியல் ஆகிய மூன்றுதான் மிச்சம்.

மொய்க்கணக்கு:
பாடம் எதுவாக இருந்தாலும் எழுதிவிடுங்கள். ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று பத்திரிகையில் அச்சடித்திருந்தாலும் நாம் சட்டைப்பையில் ஒரு கவர் வைத்துக்கொண்டுதானே கல்யாணத்துக்குப் போகிறோம்? கட்டாயமில்லை என்பதற்கும் அதே பொருள்தான்.

பழையபேனா:
இந்தக் கேள்வி ஆண்டுதோறும் ஆடி முடிந்ததும் இங்கு வந்துவிடுகிறது. முந்தைய இழைகளைத் தேடிப் படிக்கும் பொறுமைகூட இல்லாதவர்கள் ஐந்தாறு ஆண்டுகள் ஆய்வு செய்யப் புறப்படுவது எனக்கு வியப்பளிக்கிறது. ‘கட்டாயம்’, ‘பரிந்துரைக்கப்படுகிறது’, ‘விருப்பம்’, ‘ஏற்பதில்லை’ என்று நான்கு வகை உண்டு. ஒவ்வொரு துறையும் எந்த வகை என்று முதலில் எழுதிவைத்துக்கொண்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

வெள்ளிமீன்:
மன்னியுங்கள் ஐயா. இயற்பியல்.

ஒளிவிலகல்:
இது போதாது, தங்கச்சி. எந்தக் கல்லூரி என்று பெயர் சொல்ல வேண்டாம், எப்படிப்பட்ட கல்லூரி என்று சொன்னால் போதும். மதிப்பெண் எவ்வளவு, ஆய்வு அனுபவம் உண்டா, எல்லாவற்றையும்விட முக்கியமாக, நேரம் வைத்துப் பயிற்சித்தாள் ஒன்றையாவது எழுதிப் பார்த்தீர்களா?

வெள்ளிமீன்:
தென்மாவட்டத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி, எம்.எஸ்சி. இறுதியாண்டு, 82 விழுக்காடு. திண்மநிலை இயற்பியலில் ஒரு கோடைக்கால ஆய்வு செய்திருக்கிறேன். பயிற்சித்தாள் இன்னும் எழுதவில்லை, அண்ணா.

ஒளிவிலகல்:
அப்படியென்றால் உங்கள் நிலை வேறு. உங்கள் கல்லூரியில் 82 என்பது எவ்வளவு அரிதான மதிப்பெண் என்று அங்கே சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்குத் தெரியாது. அவருக்குப் பழக்கமான அளவுகோலில் உங்களைக் காட்டக்கூடியது இந்தத் தேர்வு. மதிப்பெண் சரியில்லையென்றால் அனுப்பாமல் இருக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. எழுதிய தேர்வுகளில் எதை அனுப்புவது என்று நாமே தேர்ந்துகொள்ளலாம்.

ஆனால் வினாத்தாளைப் பாருங்கள். இயக்கவியல் 20 விழுக்காடு, மின்காந்தவியல் 18 விழுக்காடு. உங்கள் திண்மநிலையோ, அணுக்கருவும் வானியலும் நெருக்கியடிக்கும் 9 விழுக்காட்டுச் ‘சிறப்புத் தலைப்புகளில்’ ஒரு மூலை. எம்.எஸ்சி.யில் உழைத்ததைவிட பி.எஸ்சி. முதலாண்டில் மறந்ததுதான் அதிகம் கேட்கப்படும். 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு கணினியில் நடக்கிறது, 120 நிமிடத்தில் 70 கேள்விகள். முன்பு 170 நிமிடத்தில் 100 கேள்விகள் இருந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள், கேள்விக்கு 100 நொடிக்குச் சற்று மேல் என்பது அப்படியேதான் இருக்கிறது.

அதனால் நம் பல்கலைக்கழகத் தேர்வில் எழுதுவதுபோல் முழுதாக வருவித்துக்கொண்டிருக்க முடியாது. கப்பியில் தொங்கும் இரண்டு நிறைகளின் முடுக்கத்தைக் கேட்டால், இரண்டும் சமம் என்று வைத்துப் பாருங்கள்: விடை சுழியாக வேண்டும். ஒன்றை இல்லாமல் ஆக்கினால் புவியீர்ப்பு முடுக்கமே வர வேண்டும். தேர்ந்தெடுக்கக் கொடுத்திருக்கும் ஐந்து விடைகளில் மூன்று நான்கு அங்கேயே விழுந்துவிடும். இந்தப் பழக்கம் நாலு நாளில் வராது, ஆறேழு வாரத்தில் வந்துவிடும்.

மேலவீதி:
எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்க வானியல் கழகமே 2016இல் இதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று துறைகளுக்குப் பரிந்துரைத்தது. முனைவர் பட்டத்தை முடிக்கப்போவது யார் என்பதை இந்த மதிப்பெண் சரிவரக் காட்டவில்லை என்று 2019இல் ‘சயன்ஸ் அட்வான்சஸ்’ இதழில் ஆய்வும் வந்தது. எதையும் காட்டாத தேர்வுக்கு ஏன் 150 டாலர்?

பழையபேனா:
அந்த ஆய்வுக்கு வந்த மறுப்பையும் படித்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். காவலர் தேர்வில் உயரம் அளந்து ஆள் எடுக்கிறார்கள். எடுத்தவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டு, உயரத்துக்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்று சொன்னால் அது சரியாகுமா? சேர்க்கையில் வடிகட்டப்பட்டு உள்ளே வந்தவர்களை வைத்துச் சொல்லும் முடிவு, வெளியே நிற்பவர்களுக்குப் பொருந்தாது.

மேலவீதி:
பொருந்தாது என்பதற்கும் நீங்கள் சான்று காட்டவில்லை. மேலும் வெள்ளிமீன் கேட்டது தேர்வு நியாயமானதா என்பதல்ல. அந்த ஆறு வாரத்தை நோக்க அறிக்கைக்கும் (ஏன் படிக்க விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதி அனுப்புவது) பரிந்துரைக் கடிதங்களுக்கும் கொடுத்தால் பலன் அதிகம் என்றே நான் சொல்கிறேன். கோடைக்கால ஆய்வை மேற்பார்த்தவர் நான்கு வரி எழுதுவதற்கும், இவர் ஆய்வகத்தில் என்ன செய்தார் என்று ஒரு பக்கம் எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தேர்வும் ஈடுசெய்யாது.

மொய்க்கணக்கு:
கடிதம் எழுதுவது பேராசிரியர்; இவர் ஆறு வாரமும் அவர் அறை வாசலிலா நிற்கப்போகிறார்? தேர்வுக்குப் படிக்கலாமே.

ஒளிவிலகல்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம். தங்கச்சி, இன்றிரவே ஒரு பயிற்சித்தாளைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். அதற்கு முன் பழையபேனா சொன்ன பட்டியலைப் போடுங்கள்; அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னது சரிதான். ஏற்பதில்லை என்று சொல்லும் துறைக்கு 990க்கு 990 வாங்கினாலும் பயனில்லை.

வெள்ளிமீன்:
அனைவருக்கும் நன்றி. ஏழு துறைகளில் மூன்று ஏற்பதே இல்லை, மூன்று விருப்பம், ஒன்று பரிந்துரை. பயிற்சித்தாளில் 70க்கு 44 சரி. ஒளியியலில் மட்டும் மிக மோசம். பணம் கட்டிவிட்டேன்.

மேலவீதி:
வாழ்த்துகள். மதிப்பெண்ணை ஏற்காத அந்த மூன்று துறைகளுக்கான நோக்க அறிக்கையைத் தொடங்கிவிட்டீர்களா?

பழையபேனா:
44ஐத் தாள் முடிந்தபின் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு வாங்கினீர்களா, 120 நிமிடத்துக்குள்ளா? அதையும் சொல்லவில்லை.