ராயபுரம் பக்கம் ஓவியர்கள் சேர்ந்து வேலை செய்ய இடம் தேவை: உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் வசிக்கும் ஓவியன் நான். இப்பகுதியில் படம் வரைபவர்களும் சுடுமண் சிற்பம் செய்பவர்களுமாகச் சிலர், வாடகையைப் பகிர்ந்துகொண்டு சேர்ந்து வேலை செய்ய ஓர் இடம் தேடி வருகிறோம்.

1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஈஞ்சம்பாக்கம் அருகே சோழமண்டல் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது, பத்திக் துணி (மெழுகு பூசிச் சாயமேற்றியது) முதலிய கைவினைப் பொருட்களை விற்ற பணம்தான் நிலம் வாங்க அங்கிருந்த ஓவியர்களுக்குக் கைகொடுத்தது. நிலம் வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் ஒருவர் வேலையை மற்றவர் அன்றாடம் பார்த்துக் குறைநிறை சொல்லும் அந்தச் சூழல் வடசென்னையிலும் அமைய வேண்டும் என்று மனதார விரும்புகிறோம்.

இப்போது மொட்டைமாடியில், சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் வரைகிறேன். கடற்காற்றின் ஈரத்தில் கேன்வாஸ் தொய்ந்துவிடுகிறது. சட்டத்தில் அடித்த ஆணிகள் துருப்பிடித்து, ஓரமெல்லாம் செம்பழுப்புக் கறை ஊறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சையும் படர்கிறது.

ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டையில் பயன்பாட்டில் இல்லாத கிடங்கோ கூடமோ இருந்தால், வாடகை, முன்பண விவரத்துடன் தெரிவியுங்கள். மழைநீர் புகாத இடமாகவும், வண்ணம் கரைக்கும் டர்பென்டைன் வாடையை உரிமையாளர் பொறுத்துக்கொள்பவராகவும் இருப்பது அவசியம். வடக்குப் பார்த்த சன்னல் இருந்தால் மிகவும் நல்லது. கடலோரத்தில் ஓவியங்களைப் பாதுகாத்துப் பழகியவர்கள், ஆணிக்கு மாற்றாக எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதையும் அன்புகூர்ந்து எழுதுங்கள்.