மீளூர்தி, மீளடுக்கு: மறுபயன்பாட்டு ஏவூர்திக்கு ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஏவியபின் திரும்பப் பெற்று மீண்டும் ஏவக்கூடிய ராக்கெட்டுக்கு ‘மறுபயன்பாட்டு ஏவூர்தி’ என்ற வழக்கையே வைத்துக்கொள்ளலாம் என்று சிலரும், அதை ‘மீள்பயன் ஏவுகலம்’ எனச் சுருக்கலாம் என்று வேறு சிலரும் எழுதியவற்றைப் படித்தேன். இரண்டிலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இத்துறையின் பொருளாதாரம் எந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறதோ, அதை இரண்டு சொற்களும் மறைத்துவிடுகின்றன. ஏவிய ஒன்றைத் திரும்பப் பெறுவது வேறு, பெற்றதைச் செப்பனிடுவது வேறு, அதையே மீண்டும் பறக்கவிடுவது வேறு. மூன்றுக்கும் தனித்தனிச் செலவு உண்டு. ‘மறுபயன்பாடு’ என்னும் ஒற்றைச் சொல் மூன்றையும் ஒன்றாக்கிவிடும்போது, எது மலிவு, எது மலிவில்லை என்று தமிழில் வாதிடவே முடியாமல் போகிறது.

அமெரிக்க விண்ணோடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) எடுத்துக்கொள்வோம். 1981 முதல் 2011 வரை அது 135 முறை ஏவப்பட்டது. ஓடம் ஓடுபாதையில் இறங்கியது. திட எரிபொருள் உந்திகள் கடலிலிருந்து மீட்கப்பட்டன. பெரிய வெளித்தொட்டி மட்டும் ஒவ்வொரு முறையும் அழிந்தது. ஆகவே அது மறுபயன்பாட்டு ஊர்திதான். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஓடத்தின்மேல் ஒட்டியிருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெப்பக்காப்பு ஓடுகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. முதன்மை எஞ்சின்களைக் கழற்றி ஆராய்வதும் வழக்கமாக இருந்தது. ஒரே ஓடத்தின் இரண்டு ஏவல்களுக்கு இடையே மிகக் குறைந்த இடைவெளி 54 நாள். அட்லாண்டிஸ் ஓடம் 1985இல் எட்டியது அது. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடைய ஃபால்கன் 9 ஏவூர்தியின் முதலடுக்கு, அதாவது முதலில் எரிந்து பிரியும் கீழ்ப்பகுதி, ஒன்று ஒன்பதே நாளில் மறுபடி பறந்தது. முன்னதில் மீட்பு எளிதாகவும் செப்பனிடுதல் பெருஞ்செலவாகவும் இருந்தன. பின்னதில் மீட்பே கடினமான கலையாகி, செப்பனிடுதல் சிறுத்துவிட்டது. இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டு, விண்ணோடம் ஏன் செலவைக் குறைக்கவில்லை என்று மாணவருக்கு எப்படி விளக்குவது?

என் முன்மொழிவு இது. ‘மீள்’ என்ற வினையடியை எடுத்துக்கொண்டு, அடுக்குக்கு ‘மீளடுக்கு’ என்றும், எல்லா அடுக்குகளும் திரும்பிவந்து மீண்டும் பறக்கக்கூடிய ஏவூர்திக்கு ‘மீளூர்தி’ என்றும் பெயர் வைப்போம். திரும்பப் பெறுவதற்கு ‘மீட்பு’, பழுதுபார்ப்பதற்கு ‘செப்பனிடுதல்’, மீண்டும் பறப்பதற்கு ‘மீள்பறப்பு’ என்று மூன்று சொற்களும் உடன் வரட்டும். மீளுதல் என்பதில் போனது திரும்பி வருதல் என்னும் பொருள் உண்டு. முன்னொட்டாக வரும்போது மீள்பதிப்பு, மீள்பார்வை என்பவற்றில் போல ‘மறுபடியும்’ என்னும் பொருளும் உண்டு. திரும்பி வந்து மறுபடியும் போவதே இங்கு வேண்டிய பொருள். ‘மறு’ என்ற அடி இரண்டாவதை மட்டுமே தருகிறது.

அடுக்குக்கும் முழு ஊர்திக்கும் இரு சொற்கள் எதற்கு என்ற கேள்வி எழும். இது சொல்லாசைக்காகச் செய்த பிரிவு இல்லை. ஃபால்கன் 9இன் முதலடுக்கு மட்டுமே மீள்கிறது. ஒற்றை எஞ்சின் கொண்ட மேலடுக்கு ஒவ்வொரு முறையும் இழக்கப்படுகிறது. காரணம் எடைக் கணக்கு. மேலடுக்கில் ஒரு கிலோ கூட்டினால் சுமையில் ஒரு கிலோ குறையும். முதலடுக்கில் ஒரு கிலோ கூட்டினால் அதில் ஒரு பகுதிதான் குறையும். எனவே கால்களையும் திசைதிருப்பும் கம்பிவலைத் துடுப்புகளையும் மிச்ச எரிபொருளையும் முதலடுக்கில் ஏற்றுவது தாங்கக்கூடிய இழப்பு. ஒன்பது எஞ்சின்களும் அங்கேயே இருப்பதால், செலவின் பெரும்பங்கும் அங்கேதான் இருக்கிறது. அதே நிறுவனத்தின் ஸ்டார்ஷிப் ஏவூர்தி இரண்டு அடுக்குகளையும் மீட்க முயல்வது. நோக்கத்தளவில் அது மீளூர்தி. ஃபால்கன் 9ஐ ‘மீளடுக்கு கொண்ட ஏவூர்தி’ என்றுதான் சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லும்போதே பாதி விளக்கம் வந்துவிடுகிறது.

இன்னொரு பயனும் உண்டு. ஒரே முதலடுக்கு ஒரு நாள் மீட்கப்படும், கனமான சுமை கிடைத்த மற்றொரு நாள் மீட்பின்றியே செலவழிக்கப்படும். புவிநிலைச் செயற்கைக்கோள்களை முதலில் கொண்டுவிடும் நீள்வட்டப் பாதையான புவிநிலை மாற்றுப் பாதைக்கு ஃபால்கன் 9 மீட்பின்றிச் சென்றால் 8.3 டன் தூக்குமென்றும், மீட்புடன் சென்றால் 5.5 டன் அளவில் நிற்குமென்றும் ஸ்பேஸ்எக்ஸ் வெளியிட்டிருக்கிறது. ஆக மீள்வது ஊர்தியின் இயல்பு மட்டுமில்லை, அந்தந்தப் பறப்புக்கு எடுக்கும் முடிவும்கூட. ‘மீளாப் பறப்பு’ என்று எதிர்மறையை அதே அடியிலிருந்து ஆக்கிக்கொள்ள முடிகிறது. ‘மறுபயன்பாட்டற்ற ஏவல்’ என்று ஒரு கட்டுரையில் பத்து இடத்தில் எழுதிப் பார்த்தால் வாசகர் எவ்வளவு சிரமப்படுவார் என்பது விளங்கும்.

பொருளாதார விவாதத்துக்கு ‘மீள்பறப்பு’ என்ற சொல்தான் இன்றியமையாதது, ஏனெனில் வாதம் முழுவதும் எண்ணிக்கை பற்றியது. மீட்புக்காக விட்டுக்கொடுக்கும் சுமை 40 சதவீதத்துக்கும் குறைவு, மீட்புக்கும் செப்பனிடுதலுக்கும் ஆகும் செலவு 10 சதவீதத்துக்கும் குறைவு, ஆகவே இரண்டாம் பறப்பில் கணக்குச் சரியாகி மூன்றாவதில் இலாபம் வந்துவிடும் என்று ஸ்பேஸ்எக்ஸ் தலைவர் ஈலான் மஸ்க் 2020இல் கூறினார். யுனைடெட் லாஞ்ச் அலையன்ஸ் என்னும் போட்டி ஏவல் நிறுவனத்தின் தலைவராக இருந்த டோரி புரூனோ, அடுக்குகள் சராசரியாகப் பத்து முறை பறந்தால்தான் ஈடுகட்டும் என்றார். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று கொள்ளத் தேவையில்லை. ஆண்டுக்குச் சில ஏவல்களே உள்ள நிறுவனத்துக்கு, அடுக்குகள் திரும்பி வந்தாலும் தொழிற்சாலையையும் தொழிலாளரையும் நிறுத்திவைக்க முடியாது; அந்த நிலையான செலவு குறைந்த எண்ணிக்கையிலான புதிய அடுக்குகளின் தலையில் விழும். ஸ்டார்லிங்க் என்னும் தன் இணையச் சேவைக்கான செயற்கைக்கோள்கள் என்ற ஓயாத சுமை தன் கையிலேயே இருப்பதால் ஸ்பேஸ்எக்ஸ் இந்தச் சிக்கலைக் கடந்தது. அதன் அடுக்குகளில் சில முப்பது பறப்புகளைத் தாண்டிவிட்டன. மீட்புத் தொழில்நுட்பத்தைவிட ஏவல்களின் அடர்த்தியே இலாபத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இனி ஏவல் நாளுக்கான சொற்கள். இங்கும் மீளடுக்கு பழைய சொற்களின் எல்லையை மாற்றியிருக்கிறது. முன்பு, சுமை சுற்றுப்பாதையை அடைந்ததும் பதற்றம் தீரும். இப்போது ஒரே ஏவலில் இரண்டு முடிவுகளுக்காகக் காத்திருக்கிறோம். 2024 ஆகஸ்ட் 28 அன்று செயற்கைக்கோள்கள் குறையின்றிச் சுற்றுப்பாதை அடைந்தன. ஆனால் 23ஆவது முறை பறந்த முதலடுக்கு, கடலில் அதற்கென நிறுத்திய மிதவைத் தளமான கடல்மேடையில் இறங்கியபின் கவிழ்ந்து எரிந்தது. வாடிக்கையாளருக்கு அது வெற்றி. அடுத்த பறப்புக்கு அந்த அடுக்கை நம்பியிருந்தவருக்கு இழப்பு. எனவே ‘ஏவல் வெற்றி’, ‘மீட்பு வெற்றி’ என்று இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும்; ‘ஏவுதல் தோல்வி’ என்று செய்தி எழுதுவது தவறான தகவலாகிவிடும்.

ஏவலுக்கு முன்னுள்ள பதற்றத்திலும் பொருளாதாரம் கலந்திருக்கிறது. ஃபால்கன் 9இல் திரவ ஆக்சிஜன், அதன் கொதிநிலையான மைனஸ் 183 டிகிரிக்கும் கீழே, மைனஸ் 207 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கப்படுகிறது; அடர்த்தி கூடுவதால் அதே தொட்டியில் கூடுதலாக அடங்கும், மீட்புக்கான மிச்சமும் கிடைக்கும். ஆனால் ஏவலுக்கு 35 நிமிடம் முன்னர்தான் நிரப்பத் தொடங்குவதால், பின்னெண்ணல் நின்றால் ஆக்சிஜன் சூடேறிவிடும்; சில நிமிடத் தாமதமே அன்றைய ஏவலை முடித்துவிடும். இதற்கு ‘ஏவல் கைவிடல்’ என்பதைவிட ‘அன்றைய ஏவல் நிறுத்தம்’ பொருந்தும், ஏனெனில் திட்டம் கைவிடப்படுவதில்லை. ஏவுதளத்தில் வானம் தெளிவாக இருந்தும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் கடல்மேடையைச் சுற்றி அலை உயர்ந்திருப்பதால் ஏவல் தள்ளிப்போவதும் உண்டு. முன்னாளில் இல்லாத இக்காரணத்தை ‘மீட்பிட வானிலை’ என்று சொல்லலாம்.

தரையிறங்கும் கடைசிக் கணங்களுக்குத்தான் இன்னும் நல்ல சொல் அமையவில்லை. வெறுமையான முதலடுக்கின் எடையைவிட, ஒற்றை எஞ்சினின் மிகக் குறைந்த உந்துவிசையே அதிகம். ஆகையால் அது ஓரிடத்தில் மிதந்து நின்று நிதானமாக இறங்க முடியாது. வேகமும் உயரமும் ஒரே நொடியில் பூச்சியமாக வேண்டும். எஞ்சின் முன்னதாக மூண்டால் அடுக்கு மீண்டும் மேலெழும், பிந்தினால் மோதும். அதோடு அந்த நேரத்தில் எஞ்சினின் அதிர்வால் கடல்மேடையின் செயற்கைக்கோள் தொடர்பு அறுந்து, பார்ப்பவர் திரையில் படம் உறைந்துவிடுவதும் முன்பு வழக்கமாக இருந்தது. ‘கடைநொடித் தரையிறக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். காலத்தை அது சொல்கிறது. மிதக்க இயலாமையைச் சொல்லவில்லை. ‘மிதவாத் தரையிறக்கம்’ என்றால் இயற்பியல் சரியாகிறது, ஆனால் நீரில் மிதப்பதாக வாசகர் மயங்கக்கூடும். இதில் உங்கள் உதவி வேண்டும்.

மீள்நுழைவு என்னும் வழக்கோடு மீளடுக்கு மோதும் என்ற எதிர்ப்பை எதிர்பார்க்கிறேன். வளிமண்டலத்தில் திரும்ப நுழையும் ரஷ்யாவின் சோயுஸ் கலம் திரும்பி வருகிறது, மறுபடி பறப்பதில்லை என்பது உண்மை. அதைத் ‘திரும்புகலம்’ என்று பிரித்துவிட்டால் குழப்பம் நீங்கும். அகராதிப் பதிவுக்கு இந்த வரையறையைப் பரிந்துரைக்கிறேன், திருத்துவோர் திருத்துக:

மீளடுக்கு (பெயர்ச்சொல்): தன் பணி முடிந்தபின் கட்டுப்பாட்டுடன் திரும்பி இறங்கி, செப்பனிடப்பட்டு, மீள்பறப்புக்கு உரியதாகும் ஏவூர்தி அடுக்கு. மீட்கப்பட்டும் மீண்டும் பறக்காத அடுக்கை இச்சொல் குறிக்காது. அதனை ‘மீட்கப்பட்ட அடுக்கு’ என்றே எழுதுக.